ஹோஹோபா எண்ணெய் உண்மையில் எண்ணெயா? ஒரு பாலைவனப் புதரைப் பற்றிய விரிவான பதில்

கூந்தல் தைலப் புட்டி ஒன்றில் ‘ஜோஜோபா’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: இது என்ன செடி, மழை அரிதான பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் பச்சையாக நின்றுகொண்டு விதையில் பாதிக்குப் பாதி எண்ணெயை எப்படிச் சேர்க்கிறது, இது திமிங்கலங்களைக் காப்பாற்றியது என்கிறார்களே, அது உண்மையா, உங்கள் மானாவாரி நிலத்தில் இரண்டு ஏக்கர் வைத்தால் பலன் தருமா. கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் முதல் மூன்றையும் சற்று விரிவாகப் பார்த்தாக வேண்டும். இந்தச் செடியை நம்பிப் பணம் போட்டு இழந்தவர்கள் அதன் விதையில் உள்ள பொருளின் மதிப்பைத்தான் கணக்கிட்டார்களே தவிர, அந்த விதை உருவாக அது எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். ‘ஜோஜோபா’ என்பது எழுத்தைப் பார்த்து நாம் படிக்கும் ஒலி. இப்புதர் பிறந்த மண்ணில் வாழும் ஓஓதம் மக்கள் இதனை ‘ஹோஹோவி’ என்றார்கள். அதை ஸ்பானியர் தங்கள் எழுத்தில் எழுதியபோது, அம்மொழியில் ‘ஹ’ ஒலிக்கு உரிய எழுத்து ஆங்கிலத்தில் ‘ஜ’வாகப் படிக்கப்படுவதால், உலகின் பல பகுதிகளில் அது ஜோஜோபாவாகிவிட்டது. ஆகவே நான் ஹோஹோபா என்றே எழுதுகிறேன். தாவரவியல் பெயரில் உள்ள பிழை இதைவிடப் பெரியது. சிம்மாண்ட்சியா சினென்சிஸ் என்பது அதன் முறையான பெயர். ‘சினென்சிஸ்’ என்றால் சீனத்தைச் சேர்ந்தது என்று பொருள். ஆனால் சீனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1822 இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் லிங்க் இதனை முதன்முதலில் விவரித்தபோது, மாதிரியின் சீட்டில் கலிபோர்னியா என்பதைக் குறிக்கச் சுருக்கி எழுதியிருந்த சொல் சீனா என்று தவறாகப் படிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பின்னர் 1844 இல் தாமஸ் நட்டால், சிம்மண்ட்ஸ் என்ற இயற்கையியலாளரின் நினைவாகச் சிம்மாண்ட்சியா என்ற பேரினத்தை உருவாக்கி, கலிபோர்னியாவைக் குறிக்கும் சரியான பெயரையே சூட்டினார். ஆயினும் முதலில் வைத்த சிற்றினப் பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரப் பெயரிடலின் விதி என்பதால், பிழையான அடைமொழியே நிலைத்துவிட்டது. இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இந்தப் பேரினத்தில் இந்த ஒரே சிற்றினம்தான் உண்டு, இது அடங்கும் தாவரக் குடும்பத்திலும் இந்த ஒரே பேரினம்தான் உண்டு. அதாவது நெருங்கிய உறவென்று சொல்ல வேறு செடியே இல்லாத தனிக்கட்டை இது. இதன் விதையில் உள்ள விந்தையைப் பார்க்கும்போது இந்தத் தனிமையை நினைவில் வைத்திருங்கள்.

இதன் தாயகம் வட அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள சொனோரா பாலைவனமும் அதைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளும் ஆகும். அமெரிக்காவின் அரிசோனா, தென் கலிபோர்னியா, மெக்சிகோவின் சொனோரா, பாஹா கலிபோர்னியா ஆகிய நான்கு பகுதிகளில் இது இயற்கையாக வளர்கிறது. பாலைவனம் என்றதும் நம் மனத்தில் எழும் மணற்குன்றுகளை மறந்துவிடுங்கள். அரிசோனாவின் டூசான் நகரை அடுத்த சாண்டா கட்டலினா மலையடிவாரத்தையோ, கலிபோர்னியாவின் ஜோஷுவா மரத் தேசியப் பூங்காவையோ எடுத்துக்கொண்டால், கரடுமுரடான கருங்கற் பாறைகளும், சரளை நிறைந்த சரிவுகளும், மழை பெய்த சில மணி நேரம் மட்டும் வெள்ளம் ஓடும் வறண்ட ஓடைகளும்தான் நிலத்தின் தோற்றம். பாலை என்பது தனி நிலமன்று, மலையும் காடும் வறண்டு திரிந்த நிலையே என்று நம் முன்னோர் வகுத்தார்களே, அந்த இலக்கணத்துக்குச் சொனோரா அப்படியே பொருந்துகிறது. ஹோஹோபா சமவெளியின் அடித்தட்டில் குளிர்காற்றும் களிமண்ணும் தேங்கும் இடங்களைத் தவிர்த்து, நீர் வடியும் சரிவுகளையே நாடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் வரை அதைக் காணலாம். சாகுவாரோ என்னும் நெடிய கள்ளிகளும் பாலோ வெர்டே மரங்களும் நிற்கும் அதே சரிவுகளில், மார்பளவோ ஆளுயரமோ உள்ள உருண்டையான சாம்பற்பச்சைப் புதராக அது நிற்கும். நல்ல இடம் கிடைத்தால் மூன்று மீட்டர் வரையும் எழும்.

கோடையில் நிழலிலேயே 45 பாகை செல்சியசைத் தொடும் அந்நிலத்தில் பெரும்பாலான செடிகள் இரண்டு வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கின்றன: கள்ளியைப் போல இலையையே துறந்து தண்டில் நீரைச் சேமிப்பது, அல்லது வறட்சி வந்ததும் இலைகளை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது. ஹோஹோபா இரண்டையும் செய்வதில்லை. அதன் இலைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் கிளையிலேயே இருக்கின்றன. இரண்டு முதல் நான்கு செண்டிமீட்டர் நீளமுள்ள அந்த நீள்வட்ட இலையைத் தொட்டுப் பார்த்தால் தடித்த தோலைப் போலிருக்கும். மேற்பரப்பில் மெழுகு பூசியிருக்கும். ஆனால் என்னை வியக்க வைப்பது அது நிற்கும் நிலைதான். பிற செடிகளின் இலைகள் வானத்தை நோக்கி விரிந்திருக்க, ஹோஹோபாவின் இலைகள் எதிரெதிர் இணைகளாக, இரு உள்ளங்கைகளைக் கூப்ப எடுத்ததுபோல் நிமிர்ந்து நிற்கின்றன. உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேராக இருக்கும்போது இலையின் விளிம்பு மட்டுமே வெயிலை வாங்குகிறது; காலையிலும் மாலையிலும் சாய்வான இளவெயில் வரும்போது இலையின் முழுப்பரப்பும் ஒளியைப் பெறுகிறது. நீர் அதிகம் ஆவியாகாத நேரத்தில் உணவு தயாரித்துக்கொண்டு, அனல் வீசும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு இது.

தரைக்குக் கீழே நடப்பது இன்னும் முக்கியம். விதை முளைத்ததும் தளிர் வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஆணிவேர் ஒரு சாணோ ஒரு முழமோ கீழே இறங்கிவிடுகிறது. மேல்மண்ணின் ஈரம் சில நாள்களில் மறைந்துவிடும் என்பதால், வேர் முந்திக்கொள்ளாத நாற்று பிழைக்காது. வளர்ந்த புதரின் வேர் பத்து மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியது. இந்த முன்னுரிமையின் விலை என்னவென்றால், மேலே வளர்ச்சி மிக மெதுவாக நடக்கிறது. ஆனால் ஒருமுறை நிலைத்துவிட்ட புதர் நூறாண்டுக்கு மேல் வாழும். உங்கள் நான்காவது கேள்விக்கான விடையில் பாதி இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பூவுக்கு வருவோம். பூக்கும் புதர் என்றதும் கண்ணைக் கவரும் நிறத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு ஹோஹோபாவின் பூ ஏமாற்றமாக இருக்கும். அதற்கு அல்லி இதழ்களே கிடையாது, மணமும் தேனும் கிடையாது. பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு என்று நாம் அறிந்திருக்கிறோம். ஹோஹோபாவிலும் அப்படியே ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி. ஆண் செடியில் மஞ்சள் கலந்த பச்சை நிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். பெண் செடியில் வெளிர்பச்சைப் புல்லி இதழ்கள் மூடிய ஒற்றைப் பூ இலைக்கணுவில் தலைகவிழ்ந்து தொங்கும். தேனீக்கள் ஆண் பூக்களுக்கு வந்து மகரந்தத்தை வாரிச் செல்கின்றன. ஆனால் பெண் பூவில் அவற்றுக்கு ஒன்றும் இல்லாததால் அங்கே போவதில்லை. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்று மட்டுமே.

தலைகவிழ்ந்து, இரண்டு நிமிர்ந்த இலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பூவைக் காற்று எப்படிக் கண்டுபிடிக்கும் என்ற கேள்வியை 1985 இல் கார்ல் நிக்லஸ், ஸ்டீபன் பக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். காற்றோட்டத்தில் இந்தக் கிளைகளை வைத்துப் பார்த்தபோது, வெயிலிலிருந்து தப்பிக்க நிமிர்ந்து நிற்கும் அந்த இலைகளே காற்றைத் திசைதிருப்பி, சிறு சுழல்களை உண்டாக்கி, மகரந்தத் தூளைப் பெண் பூவின் சூல்முடியை நோக்கி இறக்கிவிடுகின்றன என்பது தெரிந்தது. ஒரே இலை வெயிலுக்குக் கேடயமாகவும் மகரந்தத்துக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறது. வறண்ட நிலத்துச் செடி எதையும் வீணாக்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்திலும் வேறுபாடு உண்டு. மிக வறண்ட இடங்களில் ஆண் செடி சிறிய இலைகளும் நெருக்கமான கிளைகளும் கொண்டிருக்க, பெண் செடியின் இலைகள் பெரிதாகவும் கிளைகள் சற்றே விலகியும் காணப்படுகின்றன. ஆண் செடியின் செலவு மகரந்தத்தோடு முடிந்துவிடுகிறது. பெண் செடிதான் மாதக்கணக்கில் விதைக்கு ஊட்டியாக வேண்டும். ஆகவே இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழாமல் விரிந்திருப்பது அதற்குத் தேவையாகிறது என்று இதனை விளக்குகிறார்கள். ஆயினும் பூக்காத இளஞ்செடியைப் பார்த்து இது ஆணா பெண்ணா என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது.

புதிய துளிர்கள் வரும்போதே பூ மொட்டுகளும் உருவாகிவிடுகின்றன; ஆனால் அவை உடனே மலர்வதில்லை. குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. போதிய குளிரும் அதையடுத்து ஈரமும் கிடைத்த பிறகே, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விழிக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் பல மொட்டுகள் மலராமலே நின்றுவிடும். அந்த ஆண்டு செடி விதைக்கும் செலவை ஏற்பதில்லை. மலர்ந்தவை காயாகி, கோடையின் நடுவில் முற்றி வெடித்து, அவரை விதையைவிடச் சற்றுப் பருத்த பழுப்பு நிறக் கொட்டைகளாகச் செடியின் அடியிலேயே விழுகின்றன.

இப்போது அந்தக் கொட்டைக்குள் இருப்பதைப் பார்க்கலாம். அதன் எடையில் ஏறத்தாழ பாதி, பொன்னிறமான தெளிந்த நீர்மம். பார்ப்பதற்கு எண்ணெய், தொட்டாலும் எண்ணெய், வணிகத்திலும் எண்ணெய் என்றே பெயர். ஆனால் வேதியியல்படி அது எண்ணெய் ஆகாது. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகிய எல்லாவற்றிலும் கிளிசரால் என்ற ஒரு மூலக்கூறின் முதுகில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொற்றிக்கொண்டிருக்கும். ஹோஹோபாவில் கிளிசராலே இல்லை. நீண்ட சங்கிலியுள்ள ஒரு கொழுப்பு அமிலமும் நீண்ட சங்கிலியுள்ள ஓர் ஆல்ககாலும் முனையோடு முனை சேர்ந்து, பெரும்பாலும் 40 அல்லது 42 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரே நேர்க்கோட்டுச் சங்கிலியாக அமைகின்றன. இத்தகைய சேர்மத்துக்கு மெழுகு எஸ்டர், சுருக்கமாக மெழுகு, என்று பெயர். தேன்மெழுகும் அடிப்படையில் இந்த வகையைச் சேர்ந்ததே. ஹோஹோபாவின் சங்கிலியில் இரு பகுதிகளிலும் ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. எனவேதான் அறை வெப்பத்தில் இது உறையாமல் நீர்மமாக இருக்கிறது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1933 இல் இந்த உண்மையைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பல செடிகள் இலைமேல் மெழுகு பூசிக்கொள்கின்றன. ஆனால் விதைக்குள் முளைக்கான உணவாகத் திரவ மெழுகைச் சேமித்து வைக்கும் செடியாக இது ஒன்றே அறியப்பட்டிருக்கிறது. உறவில்லாத தனிக்கட்டை என்று மேலே சொன்னேன் அல்லவா? 2020 இல் இதன் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டு வெளிவந்தபோதும் ஆய்வாளர்கள் அந்தத் தனிமையையே முன்னிறுத்தினார்கள்.

மெழுகாக இருப்பதன் விளைவுகள் பல. சாதாரண எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை எடுக்கும். ஹோஹோபா ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும், உயர்ந்த வெப்பத்தையும் தாங்கும். நம் தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதே வகை மெழுகு எஸ்டர்கள்தான் என்பதால் இது தோலில் பிசுபிசுக்காமல் படிகிறது. ஆனால் நம் குடலுக்கு இந்த மெழுகைச் செரிக்கத் தெரியாது. சமையலில் சேர்த்தால் பெரும்பகுதி அப்படியே வெளியேறும், வயிற்றுப்போக்கும் வரலாம். ‘கொழுப்பில்லாத சமையல் எண்ணெய்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விலங்குகளுக்கும் இது எளிய உணவன்று. இலையையும் கிளையையும் மான்களும் பெருங்கொம்பு ஆடுகளும் மேய்கின்றன. குறிப்பாகப் பிற பசுந்தழை இல்லாத காலங்களில் இந்தப் பசுமை மாறாப் புதர்தான் அவற்றைத் தாங்குகிறது. ஆனால் விதையில் மெழுகோடு சிம்மாண்ட்சின் என்ற ஒரு நச்சுப் பொருளும் இருக்கிறது. அதை உண்ணும் எலிகளுக்குப் பசியே அற்றுப்போகிறது. சொனோராவில் விதை தின்னும் கொறிணிகள் பல இருந்தும், பெய்லி எலி என்ற ஒன்று மட்டும் இந்தக் கொட்டையை உண்டு, மெழுகையும் செரித்து, நலமாக வாழ்கிறது. கன்னத்தில் உள்ள பைகளில் கொட்டைகளை நிரப்பிக்கொண்டு போய் மண்ணில் புதைத்து வைப்பது அதன் வழக்கம். மறந்துவிட்டவை மழையில் முளைக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், இழப்பு முழுவதும் செடியுடையது என்று சொல்ல முடியாது. எண்ணெய் பிழிந்தபின் கிடைக்கும் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தும் அதை மாட்டுக்கு அப்படியே வைக்க முடியாததற்கும் இதே சிம்மாண்ட்சின்தான் காரணம். கடலைப் புண்ணாக்கையும் எள்ளுப் புண்ணாக்கையும் வருமானத்தின் ஒரு பகுதியாகக் கருதிப் பழகிய நம் விவசாயி இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அம்மண்ணின் மக்கள் இதை அளவோடு பயன்படுத்தினார்கள். பயணத்தின்போதோ பஞ்சத்திலோ சில கொட்டைகளை மென்றார்கள். வறுத்துப் பொடித்துக் காப்பி போன்ற பானம் செய்தார்கள். அரைத்த விழுதைப் புண்களுக்கும் தலைமுடிக்கும் பூசினார்கள். பாஹா கலிபோர்னியாவின் வரலாற்றை எழுதிய இயேசு சபைத் துறவி கிளாவிஹேரோவின் நூல் 1789 இல் வெளிவந்தது. அதில் இந்தக் கொட்டையின் மருத்துவப் பயன்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. இன்று புட்டியில் அடைத்து விற்கப்படும் பயன், அங்கே பல தலைமுறைகளாகப் பெண்கள் தங்கள் கூந்தலுக்குச் செய்துவந்ததுதான் என்பதை விற்பவர்கள் அரிதாகவே நினைவுகூர்கிறார்கள்.

திமிங்கலக் கதைக்கு வருகிறேன். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பெரிய தலையிலும் உடற்கொழுப்பிலும் கிடைத்த எண்ணெயும் பெரும்பாலும் மெழுகு எஸ்டரே. கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வழவழப்பை இழக்காத அந்த எண்ணெய், வண்டிகளின் பற்சக்கரப் பெட்டிகளுக்கும் நுண்ணிய இயந்திரங்களுக்கும் தவிர்க்க முடியாததாக இருந்தது. 1970 இல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்ததையடுத்து, அதன் எண்ணெயை இறக்குமதி செய்வது தடைப்பட்டது. மாற்றுத் தேடியவர்களின் நினைவுக்கு 1933 இன் அந்தக் கண்டுபிடிப்பு வந்தது: உலகில் இதற்கு ஈடான பொருளைத் தரும் செடி ஒன்று உண்டு, அதுவும் தங்கள் நாட்டின் தரிசு மலைகளிலேயே உண்டு. 1972 இல் டூசானில் முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. பழங்குடி மக்கள் வாழும் ஒதுக்கிடங்களில் காட்டுப் புதர்களிலிருந்து கொட்டை சேகரிக்க ஏற்பாடாயிற்று. 1975 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் வறள் நிலங்களுக்கு இது நம்பிக்கை தரும் புதுப்பயிர் என்று அறிக்கையே வெளியிட்டது.

ஆனால் ஹோஹோபா திமிங்கலத்தைக் காப்பாற்றியது என்று சொல்வது வரிசையை மாற்றிச் சொல்வதாகும். திமிங்கலத்தைக் காத்தது சட்டம். 1982 இல் பன்னாட்டுத் திமிங்கல ஆணையம் முடிவெடுத்து 1986 இலிருந்து நடைமுறைக்கு வந்த வணிக வேட்டை நிறுத்தம் அதன் அடுத்த பெரிய படி. தடை வந்தபோது சந்தைக்குப் போதுமான ஹோஹோபா இல்லவே இல்லை; காட்டில் பொறுக்கியது சிறு அளவே. புதிதாக நட்ட செடிகள் காய்க்கத் தொடங்குவதற்குள் இயந்திரத் தொழில், செயற்கை எண்ணெய்களையும் பிற கொழுப்புகளிலிருந்து செய்த மாற்றுகளையும் கண்டுபிடித்துப் பழகிவிட்டது. விலை மலிவான அவற்றோடு ஹோஹோபா போட்டியிட முடியவில்லை. அதற்கு இடம் கொடுத்தது அழகுப் பொருள் தொழில்தான். அங்கே சில துளிகள் போதும், விலையும் தடையாகவில்லை. இந்தச் செடி இருந்ததால் தடையை ஏற்றுக்கொள்வது சிலருக்கு எளிதாகியிருக்கலாம் என்ற அளவுக்கு மட்டுமே நான் ஒப்புக்கொள்வேன்.

அந்த 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் ஏராளமான தோட்டங்கள் எழுந்தன; வரிச்சலுகைக்காகவும் முதலீடாகவும் நகரத்தவர் பலர் பணம் போட்டார்கள். ‘தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் தங்கம் விளையும்’ என்ற வகைப் பேச்சு அப்போது பரவியது. நடந்தது வேறு. விதையிலிருந்து வளர்த்த செடிகளில் பாதி ஆணாக நின்றன. அதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. மீதிப் பெண் செடிகளில் ஒன்று நன்றாகக் காய்க்கும், அடுத்தது காய்க்காது. ஏனென்றால் காட்டுச் செடிகளின் விதையில் எந்தத் தேர்வும் நடந்திருக்கவில்லை. மலைச்சரிவை விரும்பும் செடியைக் குளிர்காற்று தேங்கும் பள்ளத்தாக்குகளில் நட்ட இடங்களில் உறைபனி பூக்களைக் கருக்கியது, இளஞ்செடிகளைக் கொன்றது. நீரில்லாமல் செடி உயிரோடு இருக்கும் என்பது உண்மை. நீரில்லாமல் விற்கும் அளவுக்குக் காய்க்கும் என்பது உண்மையன்று. வறட்சியில் மொட்டை விழிக்க விடாமல் வைத்திருப்பது அதன் உயிர்காப்பு முறை என்று மேலே பார்த்தோம். அந்த முறையைத் தோட்டத்திலும் அது கைவிடவில்லை. பல தோட்டங்கள் கைவிடப்பட்டன, சிலவே நிலைத்தன.

வெற்றி பெற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நன்கு காய்க்கும் தாய்ச்செடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தண்டுப் போத்துகளை வேர்விடச் செய்து, பெண் செடிகளையே வரிசையாக நட்டு, பத்துக்கு ஒன்று என்ற அளவில் மட்டும் ஆண் செடிகளை இடையிட்டு, சொட்டுநீர்ப் பாசனத்தில் வளர்த்தார்கள். சொட்டுநீர்ப் பாசனத்தை உலகுக்குப் பரப்பிய ஹட்ஸெரிம் கூட்டுப் பண்ணையே ஹோஹோபாவிலும் முன்னணியில் இருப்பது தற்செயலன்று. அர்ஜென்டினாவின் லா ரியோகா, கட்டமார்கா மாகாணங்களின் வறள் பகுதிகளிலும், பெருவிலும் இன்று தோட்டங்கள் உண்டு. இவ்வளவு செய்தும் மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் முதல் காய் வரும். முழு விளைச்சலுக்கு எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். செடியின் வேகத்தை யாராலும் மாற்ற முடியவில்லை. காத்திருக்கும் காலத்துக்கான செலவைத் தாங்கக்கூடியவர்களே நிலைத்தார்கள்.

இந்தியாவுக்கு இது புதிதன்று. ஜோத்பூரில் உள்ள மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் 1965 இலேயே இஸ்ரேலிலிருந்து இதை வரவழைத்தது. பின்னர் ராஜஸ்தானில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கப்பட்டு, ஃபதேபூரிலும் ஜெய்ப்பூரை அடுத்த டண்டிலும் பண்ணைகள் அமைந்தன. தார் பாலைவனத்தின் மணற்பாங்கான, நீர் வடியும் நிலமும் குளிர்ந்த குளிர்கால இரவுகளும் செடிக்கு ஓரளவு பொருந்தின. அங்கேகூட இது விவசாயிகளின் பொதுப் பயிராகப் பரவவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

உங்கள் நிலம் இராமநாதபுரம் பக்கத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வறட்சியும் வெயிலும் ஒத்திருப்பதால் இங்கேயும் வளரும் என்று நினைப்பது இயல்பு. செடி உயிரோடு இருக்கக்கூடும். ஆனால் இரண்டு தடைகளை நான் காண்கிறேன். முதலாவது குளிர். மொட்டின் உறக்கம் கலையச் சொனோராவின் மலைச்சரிவில் கிடைப்பது போன்ற குளிர்ந்த இரவுகள் வாரக்கணக்கில் வேண்டும். உங்கள் ஊரின் மார்கழி, தை இரவுகள் நமக்கு இதமாக இருக்கின்றனவே தவிர, இந்தச் செடிக்குப் போதுமான குளிராக இருப்பதில்லை. பச்சைப் பசேலென்று புதர் நிற்கும், பூ மட்டும் சீராக வராது. இரண்டாவது, மழை பெய்யும் விதம். அங்கே ஓராண்டில் மொத்தமாகப் பெய்யும் அளவை இங்கே வடகிழக்குப் பருவமழை சில நாள்களில் கொட்டிவிடும். கரிசலிலும் களிமண்ணிலும் நீர் நின்றால் ஹோஹோபாவின் வேர் அழுகிவிடும். செம்மண் மேடாக இருந்து நீர் உடனே வடியுமானால் இந்த இரண்டாவது தடை குறையும். முதல் தடை அப்படியே இருக்கும்.

ஆகவே இரண்டு ஏக்கரையும் இதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. எட்டாண்டு காத்திருந்து, புண்ணாக்கும் பயன்படாமல், அருகில் வாங்குவோரும் இல்லாத ஒரு கொட்டையை நம்புவதைவிட, அதே நிலத்தில் தலைமுறைகளாக நிற்கும் வேம்பும் புங்கமும் பனையும் உங்களுக்கு உறுதியான துணை. ஆர்வம் இருந்தால், நீர் தேங்காத ஒரு மேட்டில் பத்துச் செடிகளை வையுங்கள். விதை நாற்று வேண்டாம். பெண் என்று உறுதியான தாய்ச்செடியிலிருந்து எடுத்த போத்துகளில் ஒன்பதும் ஆண் செடியின் போத்து ஒன்றும் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் கோடைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் பனிக்காலக் காற்று வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், பூக்கும் பருவத்துக் காற்றை எண்ணி ஆண் செடியை வடகிழக்கு ஓரத்தில் நடுங்கள். முதல் இரண்டாண்டு கோடையில் நீர் விடுங்கள். மூன்றாம் ஆண்டு தை, மாசியில் எத்தனை கணுக்களில் மொட்டு விழிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் நிலத்தைப் பற்றி எந்த விளம்பரத்தையும்விட உண்மையாகப் பேசும்.

உங்கள் வீட்டில் இருக்கும் புட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஹோஹோபா முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து ஈரம் போகாமல் காக்கும், உலர்ந்த தோலை மென்மையாக்கும். புதிதாக முடி முளைக்கச் செய்யும் என்று நம்ப இடமில்லை. ‘ஹோஹோபா கலந்தது’ என்று அச்சிட்ட பொருளில் அது எத்தனை துளி இருக்கிறது என்பதை உட்பொருள் பட்டியலில் அதன் பெயர் முன்னே வருகிறதா கடைசியில் வருகிறதா என்று பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். தூய எண்ணெய் என்று விற்றதை வாங்கியிருந்தால், சிறு கிண்ணத்தில் சிறிது ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே இது உறையத் தொடங்கும் என்பதால் காலையில் இறுகியிருக்க வேண்டும். வெளியே வைத்தால் மீண்டும் தெளிந்துவிடும். தேங்காயெண்ணெயும் இப்படி உறையும் என்பதால் உறைவது மட்டுமே தூய்மைக்குச் சான்றாகாது. ஆனால் காலையிலும் நீராக ஓடிக்கொண்டிருந்தால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.